ஸர் பிரோஸிஷா மேத்தாவும் பம்பாய் நகரத்தின் வீட்டு வரியும்

தேசத் தலைவர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மகாசபை மேடைகளையும், சட்டசபை வாதங்களையும், சிறை வாயில்களையுமே நாடிச் செல்கின்றனர். நகரசபையின் வரிக் கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு நகரத்தார் தம் வீட்டின்மீது செலுத்தும் வரி எவருடைய பொக்கிஷத்திற்குப் போகின்றது, அதனைச் செலவிடுவோர் எவர், செலவைக் கேள்வி கேட்கும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் சுயராஜ்யத்தின் வினாக்களே என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வினாக்களுடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லாடிய ஒருவரின் வாழ்க்கையை இன்று கூற விரும்புகிறோம். பம்பாயின் முடிசூடா மன்னர் என்று ஜனங்களால் போற்றப்பட்ட ஸர் பிரோஸிஷா மேத்தாவே அவர்.

அவர் 1845-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி பம்பாய் நகரில், வியாபாரத்தில் ஈடுபட்ட ஒரு பார்ஸிக் குடும்பத்திற் பிறந்தார். எல்பின்ஸ்டன் கலாசாலையில் கல்வி பயின்று 1864-ல் பட்டம் பெற்றார். அக்கலாசாலையின் தலைவராயிருந்த ஸர் அலெக்ஸாண்டர் கிராண்ட் என்னும் ஆங்கிலேயர் இம்மாணவரின் அறிவாற்றலைக் கண்டு வியந்து, சீமைக்குச் சென்று பாரிஸ்டர் படிப்பதற்கு ருஸ்தம்ஜி ஜம்ஷேட்ஜி என்னும் செல்வர் ஏற்படுத்திய உபகாரச் சம்பளத்திற்கு அவரைச் சிபார்சு செய்தார். அக்காலத்துப் பம்பாயின் செல்வம் பஞ்சு வியாபாரத்தால் திடீரென்று வீங்கிய செல்வம். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்ததும் அவ்வீக்கம் வடிந்தது. பங்கு வியாபாரத்தில் மூழ்கிய பெருந்தனவந்தர் பலர் ஒரே கோடையில் பாப்பராயினர். ருஸ்தம்ஜியின் செல்வமும் அவ்வெள்ளத்தில் போயிற்று. எனினும் மேத்தா படிப்பைக் கைவிடாது, 1868-ல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டராகித் தாய்நாடு திரும்பினார். லண்டனிலிருந்த காலத்தில் தாதாபாய் நௌரோஜியின் நிழலில் அவர் அரசியல் கற்றார் என்பது அவருடைய பிற்கால நடையைப் புரிந்துகொள்ள உதவும்.

அவர் திரும்பி வந்த பம்பாய், பாதி அரண்மனையும் பாதி சாக்கடையுமாக இருந்த நகரம். 1865-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர நிர்வாகம் சமாதான நீதிபதிகள் என்ற கூட்டத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அவர்களை நியமித்தது சர்க்கார். வரி செலுத்துவோருக்கு அதில் யாதொரு பாத்தியமும் இல்லை. உண்மையான அதிகாரமெல்லாம் கமிஷனர் ஒருவர் கையில் இருந்தது. ஆர்தர் கிராபோர்டு என்னும் அந்தக் கமிஷனர் சுறுசுறுப்பும் கற்பனையும் மிக்கவர். சாலைகள் போட்டார், சாக்கடைகளைச் சீர்ப்படுத்தினார், இன்றும் மும்பையில் நிற்கும் பெரிய அங்காடியைக் கட்டினார். ஆனால் வரவுக்கும் செலவுக்கும் பொருத்தம் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. நகரம் கடனில் ஆழ்ந்தது; வீட்டு வரி ஏறிற்று. பஞ்சு வியாபாரத்தில் அடிபட்டு நொந்திருந்த வீட்டுச் சொந்தக்காரர் 1871-ல் கொதித்தெழுந்தனர். வரி செலுத்துவோர் கிளர்ச்சி என்று அது பெயர் பெற்றது.

இக்கிளர்ச்சியில் இளைஞர் மேத்தா செய்த காரியம் நம் கவனத்திற்கு உரியது. நகரமே கிராபோர்டைத் தூற்றியபோது, அவர் 1871 நவம்பரில் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் எழுந்து ஒரு வியாசத்தைப் படித்தார். குற்றம் கிராபோர்டு ஒருவருடையதன்று. கணக்கைக் கவனிக்கக் கடமைப்பட்டிருந்த நீதிபதிகள் உறங்கிவிட்டனர். அவர்களை நியமித்த முறையே பிழை. வரி செலுத்துவோர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒரு சபை வேண்டும். அச்சபைக்குப் பணப்பையின்மேல் அதிகாரம் வேண்டும். நிர்வாகம் மட்டும் ஒரே பொறுப்புள்ள அதிகாரியிடம் இருக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். சபையோருக்கு இது பிடிக்கவில்லை. கூச்சலும் கலவரமும் எழுந்தன. இருபத்தாறு வயது வக்கீல் ஒருவர், ஊரார் பகைக்கும் அதிகாரிக்குப் பரிந்து பேசித் தம் தொழிலையே பணயம் வைப்பது அறிவுடைமையா என்று நண்பர்கள் ஐயுற்றிருப்பர். ஆனால் அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட 1872-ம் ஆண்டு முனிசிபல் சட்டம் பெரும்பாலும் அவர் சொன்ன வழியிலேயே அமைந்தது. 64 பேர் கொண்ட சபையில் பாதிப்பேர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்நாட்டு நகரங்களில் பிரதிநிதித்துவம் வேரூன்றிய முதல் இடங்களில் பம்பாயும் ஒன்றாயிற்று.

வாக்குரிமை சொத்து வரி கணிசமாகச் செலுத்துவோருக்கு மட்டுமே இருந்தது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. ஆலைத் தொழிலாளியும், மூட்டை தூக்குவோனும், ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்த ஏழையும் இந்தப் பிரதிநிதித்துவத்திற்கு வெளியே நின்றனர். அவர்கள் கொடுத்த வாடகையிலிருந்தே வீட்டுக்காரர் வரியைக் கட்டினர். வாக்கு மட்டும் வீட்டுக்காரருக்கு. மேத்தாவின் அரசியலில் இந்தக் குறுகல் கடைசிவரை இருந்தது.

இனி வரியின் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். இல்லையேல் அவர் போராட்டத்தின் உட்பொருள் விளங்காது. பம்பாயில் ஒரு கட்டடத்திற்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு வாடகை வரக்கூடும் என்று மதிப்பிடுவர். பழுது பார்க்கும் செலவுக்காக அதில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுவர். எஞ்சிய தொகையே வரிக்குரிய மதிப்பு. அதன்மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று பொது வரியும், தண்ணீர் வரியும், மலம் அகற்றும் ஊழியத்திற்கென ஹலால்கோர் வரியும் விதிக்கப்பட்டன. கேட்பதற்கு இது நகரத்தாரின் சொந்தப் பணம். நகரத்தின் தேவைகளுக்கே செலவாகும் பணம். நடைமுறையிலோ இப்பணத்தின் மேல் பல கைகள் நீண்டன. அவற்றுள் மிக நீளமானது மாகாண சர்க்காரின் கை.

முதலாவது போலீஸ் செலவு. நகரப் போலீஸை நியமிப்பதும், நடத்துவதும், தண்டிப்பதும் சர்க்காரின் வேலை. எத்தனை கான்ஸ்டபிள்கள் வேண்டும், அவர்களுக்கு என்ன சம்பளம், எந்தத் தெருவில் அவர்கள் நிற்க வேண்டும் என்பதில் கார்ப்பொரேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரமும் இல்லை. செலவில் மட்டும் பங்கு கொடுக்க வேண்டும். வீட்டு வரி கொடுத்தவன் விளக்கையும் தண்ணீரையும் கேட்டால் பணம் போதாது என்று நகரசபை கை விரிக்கும். போலீஸுக்குரிய பங்கை மட்டும் தவறாது செலுத்தும். தன் வீட்டில் சமைத்த சோற்றை அயலான் பங்கிட்டு எடுத்துக்கொண்டு, அடுப்புக்கு விறகு போதவில்லை என்று வீட்டுக்காரனையே கடிந்துகொள்வது போன்றது இது.

லார்டு ரிப்பன் வைஸிராயாக இருந்தபோது, 1881, 1882-ம் ஆண்டுகளில் வெளியான இந்திய சர்க்கார் தீர்மானங்கள் இதற்கு ஒரு பரிகாரம் கூறின. ஸ்தல ஸ்தாபனங்களின் தலையிலிருந்து போலீஸ் செலவை இறக்கிவிட வேண்டும். அதனால் மிஞ்சும் பணத்தைக் கல்வி, வைத்தியம் போன்ற, ஜனங்கள் தாமே கவனித்து நடத்தக்கூடிய காரியங்களில் செலவிடச் செய்ய வேண்டும் என்பது அந்நெறி. காசு கொடுப்பவனுக்குக் காரியத்தில் அதிகாரமும் இருக்க வேண்டும் என்ற எளிய நியாயமே அதன் அடிப்படை. ஆனால் பம்பாய் நகரத்திற்கு இந்த நியாயம் முழுமையாகக் கிடைக்கக் கால் நூற்றாண்டு சென்றது. அதுகாறும் அதிகாரமில்லாத செலவுக்குப் பணம் கொடுப்பது முறையன்று என்ற வாதத்தை மேத்தா விட்டுக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் 1888-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. சர்க்கார் முதலில் தயாரித்த மசோதா, 1872-ல் கொடுத்ததை ஒரு கையால் திரும்ப எடுத்துக் கொள்ளும் விதமாகக் கமிஷனரின் அதிகாரத்தைப் பெருக்கிக் கார்ப்பொரேஷனைச் சுருக்க முனைந்தது. மேத்தா அப்போது லார்டு ரே என்னும் கவர்னரின் நியமனத்தால் பம்பாய்ச் சட்டசபையில் இருந்தார். அருமை நண்பர் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் உடனிருந்தார். இருவரும் மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்து வாதாடினர். மேத்தாவின் பேச்சில் மலர்ச் சொற்கள் குறைவு. சட்டப் பிரிவும் கணக்கும் நையாண்டியும் மிகுதி. முடிவில் நகர ஆட்சி கார்ப்பொரேஷனுக்கே உரியது என்ற கொள்கை சட்டத்தில் இடம் பெற்றது. 72 உறுப்பினர் கொண்ட சபையில் 36 பேர் வட்டங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். பற்பல திருத்தங்களுக்கு உட்பட்டு, இன்றளவும் மும்பை நகரத்தை ஆள்வது அந்த 1888-ம் ஆண்டுச் சட்டமே என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அச்சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சர்க்காரின் கட்டடங்களுக்குப் பொது வரியிலிருந்து விலக்கு. அதற்கு ஈடாகச் சர்க்கார் ஒரு தொகை தரும். ஒரு சாதாரணச் சொந்தக்காரன் அதே கட்டடத்திற்குச் செலுத்த வேண்டியதில் பத்தில் எட்டுப் பங்கு என்று அது நிர்ணயிக்கப்பட்டது. பம்பாய் போன்ற மாகாணத் தலைநகரில் சர்க்காருக்குரிய நிலமும் மாளிகையும் கொஞ்சமல்ல. ஒரு சின்னக் கடைக்காரன் முழு வரி கொடுத்தான். செயலாளர்களின் பெருமாளிகைக்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி.

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் பிடித்தது. ஜனங்கள் ஆயிரக் கணக்கில் மடிந்தனர். ஆயிரக் கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புக்களை இடித்துப் புதிய சாலைகளையும் மனைகளையும் உண்டாக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எவர் செய்வது என்பதே கேள்வி. சர்க்கார் 1898-ல் ஒரு சட்டம் செய்து, நகர அபிவிருத்தி டிரஸ்டு என்னும் தனி ஸ்தாபனத்தை நிறுவிற்று. கார்ப்பொரேஷனின் பிரதிநிதிகள் அதில் சிறுபான்மையினர். தலைவரை நியமிப்பது சர்க்கார். பணம்? டிரஸ்டின் பற்றாக்குறையை நகரத்தின் வரிப்பணத்திலிருந்தே, வரிக்குரிய மதிப்பில் நூற்றுக்கு 2 என்ற வரம்புக்குள், கார்ப்பொரேஷன் ஈடு செய்ய வேண்டும். நகரத்தாரின் பிரதிநிதிகளிடம் ஒப்புவிக்க வேண்டிய வேலையை அவர்களை ஒதுக்கி வைத்து நடத்துவதற்கு அவர்களே பணம் கொடுப்பதா என்று மேத்தாவும் அவர் கட்சியாரும் எதிர்த்தனர்; பயனில்லை. டிரஸ்டு நல்ல சாலைகள் சிலவற்றைப் போட்டது. தாதர், மாதுங்கா முதலிய புதிய பகுதிகளைத் திட்டமிட்டது. இதனை மறுப்பது நியாயமாகாது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட ஏழைகள் அந்தப் புதிய மனைகளில் குடியேறினார்கள் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அந்த டிரஸ்டின் வேலை 1933-ல் கார்ப்பொரேஷனுடன் இணைக்கப்பட்டது. மேத்தா கேட்டது முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது; அவர் அதைக் காணவில்லை.

நகரசபைக்கு வெளியே அவர் வாழ்க்கையை நாம் விரைந்து கடந்து செல்கிறோம். அது பலரும் அறிந்ததே. 1885-ல் தெலாங்கு, பத்ருத்தீன் தயாப்ஜி ஆகியோருடன் பம்பாய் மாகாண சங்கத்தை அமைத்தார். 1890-ல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்தார். 1901-ல் குடியானவரின் நில உரிமையைப் பாதிக்கும் நிலவரிச் சட்டத் திருத்தம் பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோது, கோகலே முதலிய சில உறுப்பினருடன் சபையை விட்டு வெளியேறினார். அக்காலத்தில் அது எவரும் கேட்டிராத செயல். 1907-ல் சூரத்தில் மகாசபை பிளவுண்டதில் அவருக்கிருந்த பங்கைப் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. திலகரின் வழி நாட்டின் வழியாயிற்று. மேத்தா அதைப் புரிந்துகொள்ள மறுத்தார் என்பதே நம் கருத்து. நகரசபையில் எந்தப் பிடிவாதம் பலமாயிருந்ததோ, அதே பிடிவாதம் மகாசபையில் குறையாயிற்று.

அதே 1907-ல்தான் நகரசபையிலிருந்து அவரை விரட்டச் சூழ்ச்சி நடந்தது. அவர் அப்போது சமாதான நீதிபதிகள் தொகுதியின் மூலம் கார்ப்பொரேஷனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். அக்கௌண்டண்ட் ஜெனரல் பதவியிலிருந்த ஹாரிஸன் என்பவரும் வேறு சில ஆங்கில உத்தியோகஸ்தரும் ஒன்று கூடி, பதினாறு ஸ்தானங்களுக்குப் பதினாறு பேர் கொண்ட ஜாபிதாவைத் தயாரித்து, வாக்குக்களை ஒரே திசையில் திருப்பினர். மேத்தா பதினேழாமவரானார்! மாகாணத்தின் கணக்கு அதிகாரி நகரத்தின் கணக்கைக் கேட்பவரை வெளியேற்ற முனைந்தது பொருத்தமான காட்சியே. ஆனால் ஜயித்த பதினாறு பேருள் ஒருவர் கார்ப்பொரேஷனுடன் ஒப்பந்தத் தொடர்புடையவர் என்பதால் அவர் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அடுத்து நின்ற மேத்தா அவ்விடத்தைப் பெற்றார். ஊர் ஆரவாரித்தது. அவரை வீழ்த்த எண்ணியவர்கள் அவர் புகழைத்தான் இரட்டித்தார்கள்.

போலீஸ் செலவு வழக்கு முடிந்ததும் அதே ஆண்டிலேயே. 1907-ம் ஆண்டு 3-வது பம்பாய்ச் சட்டம் ஒரு பண்டமாற்றைச் செய்தது. நகரப் போலீஸின் செலவைச் சர்க்கார் ஏற்றது. ஆரம்பக் கல்வி, வைத்திய உதவி, அம்மை குத்துதல் ஆகியவற்றின் பொறுப்பைக் கார்ப்பொரேஷன் ஏற்றது. இந்தப் பண்டமாற்றில் நகரத்திற்கு லாபமா நஷ்டமா என்று ரூபாய் அணாவில் கணக்கிட்டால் விடை எளிதன்று. போலீஸ் செலவு வளரும். பள்ளிக்கூடச் செலவும் வளரும். ஜனத்தொகை பெருகும் நகரில் பின்னது சற்றும் சளைக்காது. ஆயினும் பள்ளிக்கூடம் எங்கே வைப்பது, எந்த மொழியில் நடத்துவது, எந்த உபாத்தியாயரை நியமிப்பது என்பதை நகரத்தின் பிரதிநிதிகள் தீர்மானிக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் வாயிலில் அவர்களுக்கு நிற்கும் உரிமைகூட இருந்ததில்லை. இந்தக் காரணத்தால் மாற்றம் நல்லதே என்று நாம் கருதுகிறோம்.

அவர் இறுதி ஆண்டுகளிலும் ஓய்ந்திருக்கவில்லை. 1911-ல் இந்தியரே நடத்தும் ஸென்ட்ரல் பாங்கு தோன்றியபோது அதன் முதல் தலைவராயிருந்தார். 1913-ல் பம்பாய் கிராணிகிள் பத்திரிகையைத் தொடங்கினார். 1915-ம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயிலேயே மகாசபை கூடிற்று. அந்த மேடையில் அவர் இல்லை. பிப்ரவரியில் மறைந்த கோகலேயும் இல்லை.

அவர் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரக் கவர்னர் போனார், மாகாணம் ராஜ்யமாயிற்று. நகரத்துக்கும் ராஜ்யத்துக்கும் இடையேயான பங்கீட்டுத் தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது. 1962-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கல்விக்கும் வேலை உத்தரவாதத்திற்கும் என மஹாராஷ்டிர சர்க்கார் விதிக்கும் தனி வரிகள் நகரத்தின் சொத்து வரிச் சீட்டிலேயே சேர்த்து வசூலிக்கப்படுகின்றன. வசூலித்துக் கொடுப்பது கார்ப்பொரேஷன், பெறுவது ராஜ்யம். நகரத்தின் பெரும் வரவாக இருந்த ஆக்டிராய் என்னும் சரக்கு நுழைவு வரி, சரக்கு சேவை வரியின் வருகையால் 2017 ஜூலை 1-ந் தேதி ஒழிந்தது. அதற்கு ஈடாக ராஜ்யம் தரும் தொகையை நகரம் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. 2022-ன் தொடக்கத்தில், 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி இல்லை என்று ராஜ்ய மந்திரிசபை முடிவு செய்தது. சிறு வீட்டுக்காரனுக்கு உதவி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடையாளி ராஜ்யம். குறைந்தது நகரத்தின் பை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தோடு கார்ப்பொரேஷனின் பதவிக்காலம் முடிந்து, அதன்பின் சில ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லாமல் அதிகாரி ஒருவர் நிர்வாகத்தில் நகரம் இருந்தது. 1871-ல் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் கூச்சலிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் இந்த நகரில் வரி செலுத்துகின்றனர்.

ராஜ்யங்களும் நகரங்களும் வரிப்பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்து சொல்ல ஒவ்வொரு ராஜ்யத்திலும் நிதிக் கமிஷன் அமைக்க வேண்டும் என்று, 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் விதித்தது. அந்தக் கமிஷன்கள் சொல்வதை ராஜ்ய சர்க்கார்கள் ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மும்பை நகரசபை மாளிகையின் முன்னே, விக்டோரியா டெர்மினஸ் என்று முன்னாளில் பெயர் பெற்றிருந்த ரயில் நிலையத்திற்கு எதிரே, மேத்தாவின் வெண்கலச் சிலை 1923 முதல் நிற்கிறது. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் அதைக் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். சிலைக்குப் பின்னாலுள்ள மாளிகையில்தான் நகரத்தின் வரவு செலவுத் திட்டம் தயாராகிறது.